முனைத்துறை நீலக் கயிறும் முனைவர் கிளாடிஸும்

கண்டல் காட்டின் கதையறிந்த கண்ணியமே! சேற்றில் இறங்கினாலும் செருக்கில் ஏறாத சீர்மையே! தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் தெரிந்த தெளிவே! சாத்தான்குளத்தில் பிறந்து, நாசரேத்தில் படித்து, தூத்துக்குடிக் கடற்கரை போகவிடாமல் பிடித்து வைத்துக்கொண்ட பேரறிவே! கடலோர வனச் சமூகப் பொருளாதார ஆய்வு மையத்தின் மூத்த ஆய்வாளராய் இன்று மாலையோடு பணி நிறைவு பெறும் முனைவர் கிளாடிஸ் அம்மையார் அவர்களே! வணக்கம்.

இந்த ஐந்தாறு வரிக்கே அம்மையார் நெளியத் தொடங்கியிருப்பார் என்பது எங்களுக்குத் தெரியும். இன்னும் இரண்டு அடைமொழி போட்டால் கையை ஆட்டி, "போதும்லே, நிப்பாட்டு" என்று மேடையிலேயே சொல்லிவிடுவார். ஆகவே இம்மடல் ஒரு தந்திரம் செய்கிறது. இனி இது அவரைப் பார்த்துப் பேசாது. அவையோரே, உங்களைப் பார்த்துப் பேசும். எதிரே அவர் உட்கார்ந்திருக்கும்போதே அவரை 'அவர்' என்று சொல்லும். தன்னைப் பற்றிய பேச்சைத்தான் அவர் நிறுத்துவாரே தவிர, யாரோ ஒருவரைப் பற்றிய கதையை இடையில் வெட்டுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. முப்பத்தோரு ஆண்டுகளாய் ஊர் ஊராய்ப் போய், அடுத்தவர் பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தவர் அல்லவா!

அவர் என்ன வேலை பார்த்தார் என்று உறவினர்களுக்கே இன்னும் விளங்கவில்லை என்று கேள்வி. கல்யாண வீடுகளில், "காட்டு இலாகாவில் ஆபீசர்" என்று அறிமுகம் செய்கிறார்களாம். இல்லை ஐயா, இல்லை! மரத்தை எண்ணுகிறவர்கள் நாட்டில் ஏராளம். மரத்துக்குப் பக்கத்தில் வாழும் மனிதர் அந்த மரத்திடம் என்ன வாங்குகிறார், எப்போது வாங்குகிறார், எப்போது போதும் என்று கையைக் கட்டிக்கொள்கிறார் என்று கேட்டு எழுதுகிறவர்கள்தான் குறைவு. அந்தக் குறைந்த கூட்டத்தில் ஒருவர் இவர். தேரிக்காட்டுச் செம்மணலில் முந்திரி பொறுக்குகிறவர்களோடு நடந்திருக்கிறார். விளாத்திகுளம் பக்கம் உடைமரக் கரிமூட்டம் போடுகிறவர்களோடு புகையில் உட்கார்ந்து கண் சிவந்திருக்கிறார். தாமிரபரணி கடலில் கலக்கிற இடத்துக் கண்டல் காடுகளில் அவர் எத்தனை செருப்பைச் சேற்றுக்குத் தாரை வார்த்தார் என்பதற்கு எங்களிடமே கணக்கில்லை!

கண்டிப்பா? கேட்கவே வேண்டாம்! கேள்விக்குள்ளேயே பதிலை ஒளித்து வைத்துக் கேட்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "விறகு எடுக்க மாட்டீங்கள்லா?" என்று ஒருமுறை எங்களில் ஒருவர் கேட்டுவிட்டார், அன்று மாலைவரை அவரோடு பேச்சே இல்லை. பத்து வீட்டுக்கு ஒரு வீடு தானே மறுபடி போய், நிரப்பிய படிவம் சரியா என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். திட்டுவதற்கு முன்னால் மக்ரூன் கொடுப்பார். அறைக்குள் கூப்பிட்டு, டப்பாவைத் திறந்து, "எடுத்துக்கோ" என்று அன்பாய் நீட்டுவார். ஊரெல்லாம் ஆசையாய் வாங்கித் தின்கிற அந்தப் பண்டத்தைப் பார்த்தால் இந்த அலுவலகத்தில் மட்டும் எல்லாரும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வோம்.

இத்தகைய கண்டிப்புக்காரரின் பணிப்பதிவேட்டில், 'களப்பணியில் கவனக்குறைவு, இனி எச்சரிக்கையாக இருக்க அறிவுறுத்தப்பட்டது' என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியால்தான், இயக்குநராய் விடைபெற வேண்டியவர் மூத்த ஆய்வாளராகவே விடைபெறுகிறார். மேடையில் வீற்றிருக்கும் ஆட்சிக்குழுத் தலைவர் ஐயா அவர்களுக்கும் அது தெரியும். அந்த வரி அங்கே வந்த கதையைச் சொல்லாமல் அவரைப் பாராட்டினால் அது பாராட்டே ஆகாது. பதினோரு ஆண்டுகளாய் விழுங்கிக்கொண்டிருந்தோம். இன்றும் விழுங்கினால் எங்களுக்கு அடுக்குமா?

முனைத்துறை என்றொரு சின்னக் கடற்கரை ஊர். நூற்றுச் சொச்சம் வீடுகள். ஊருக்குத் தெற்கே உப்பங்கழி, கழியை ஒட்டி அலையாத்தி என்றும் சொல்கிற கண்டல் காடு, காட்டு வாசலில் சிலுவை நட்ட ஒரு குருசடி. அந்தக் காட்டை ஊரார் எதற்கெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்று ஆய்ந்து சொல்லும்படி அலையாத்திக் காட்டு மேலாண்மைக் குழு மையத்தைக் கேட்டது. பொறுப்பு கிளாடிஸ் அம்மையாருடையது. வீடு வீடாய்ப் போய்ப் படிவம் நிரப்பும் வேலை பெனிஸ்டனுடையது. சாயர்புரத்துக்காரரான பெனிஸ்டன் அப்போது ஒப்பந்த ஊழியர். வயது முப்பத்து நான்கு, வீட்டில் இரண்டு பிள்ளைகள், ஒப்பந்தம் முடிய ஐந்து மாதம்.

பெனிஸ்டன் சோம்பேறி அல்லர். அதையும் சொல்லிவிட வேண்டும். காலை எட்டே முக்கால் பேருந்தில் ஏறி, பத்து மணிக்கு ஊரில் இறங்கி, ஒரு மணிவரை வேகாத வெயிலில் நடந்திருக்கிறார். ஆனால் போன நாளெல்லாம் வீடுகளில் பெண்கள் இல்லை. ஏன் இல்லை என்று அவர் கேட்கவும் இல்லை. வலைப்பந்தலில் ஆண்கள் மட்டும் உட்கார்ந்து கிழிசல் தைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் முன்வந்து பேசியவர் வளன்.

"ஒங்க வீட்டுப் பொம்பளையள் காட்டுக்குள்ள போவாகளா அண்ணாச்சி?"

"எங்க வீட்டுப் பொம்பளையா? காட்டுக்கா?" வளனுக்கு மீசை துடித்துவிட்டது. "யாரு சொன்னா ஒமக்கு? நாங்க கடலுக்குப் போயி சம்பாதிச்சுப் போடுதோம். அவுகளுக்குக் காட்டுல என்ன சோலி?"

வீட்டுக்காரி சேற்றில் இறங்கித் தழை ஒடிக்கிறாள், மட்டி பொறுக்குகிறாள், சுள்ளி சுமக்கிறாள் என்று வெளியூர்க்காரனிடம் சொல்ல எந்த ஆணுக்கு மனசு வரும்? பந்தலில் இருந்த மற்றவர்களும் தலையை ஆட்டினார்கள். பெனிஸ்டன் காட்டு வாசல்வரை போய்ப் பார்த்தார். கண்டல் மரங்களில் கிளைக்குக் கிளை நீல வலைக்கயிற்றுத் துண்டுகள் முடிச்சுப் போட்டுத் தொங்கின. பக்கத்திலேயே குருசடி, அதன் முன்னால் மெழுகுதிரி எரிந்த கறை. பெனிஸ்டனுக்கு விளங்கிவிட்டது; அதாவது, விளங்கிவிட்டதாய் நினைத்துவிட்டார். திரும்பி வந்து வளனிடம் கேட்டார்:

"அந்தக் கயிறெல்லாம் நேர்ச்சைக்குக் கெட்டுனதா அண்ணாச்சி?"

ஆள் எப்போதடா கிளம்புவான் என்று பார்த்துக்கொண்டிருந்த வளன், "ஆமா ஆமா, நேர்ச்சைதான்" என்றார். படிவத்தில் ஏறியது: 'பொருளாதாரப் பயன்பாடு: இல்லை. சமயப் பயன்பாடு: உண்டு. வேண்டுதலுக்காக மரங்களில் கயிறு கட்டும் வழக்கம்.' நூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் ஏறக்குறைய அதே பதில்.

பத்துக்கு ஒன்று மறுபடி போய்ப் பார்க்கும் அம்மையார் அந்தத் தடவை போகவில்லை. அறிக்கைக்குக் கெடு நெருங்கிவிட்டது. இன்னும் மூன்று ஊர் பாக்கி. முனைத்துறைப் படிவக் கட்டை மேலாகப் புரட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். முப்பத்தோரு ஆண்டில் ஒரே ஒரு தடவை! அந்த ஒரு தடவைதான் வினையாய் முடிந்தது.

மேலாண்மைக் குழு அறிக்கையைப் படித்தது. ஊரார் பிழைப்புக்கும் காட்டுக்கும் தொடர்பே இல்லை, சாமி காரியத்துக்கு மட்டும்தான் வருகிறார்கள் என்றால் சிக்கல் இல்லையே! காட்டைச் சுற்றிக் கம்பிவேலி போட்டார்கள். பக்தர்கள் மனம் நோகக்கூடாது என்று ஒரு கதவும் வைத்தார்கள். ஆண்டுக்கு இரண்டு திருநாளில் அந்தக் கதவு திறக்கும் என்று பலகை எழுதி மாட்டினார்கள். எவ்வளவு கரிசனம் பாருங்கள்!

வேலி போட்ட இரண்டாம் வாரம், ஷேர் ஆட்டோ இரண்டு மைய வாசலில் வந்து நின்றது. பதினான்கு பெண்கள் இறங்கினார்கள். முன்னால் வந்தவர் வளனுடைய மனைவி சலேத். தரவுப் பிரிவில் இருந்த காயல்பட்டினத்து ருகையா, "யாரைப் பாக்கணும்?" என்று கேட்டு முடிப்பதற்குள் அவர் அம்மையாரின் அறைக்குள் போய்விட்டார். மடியிலிருந்து ஒரு கத்தை நீலக் கயிற்றை எடுத்து மேசைமேல் போட்டார்.

"இந்தாங்க மேடம். ஒங்க நேர்ச்சை."

அம்மையார் கயிற்றையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். "உக்காருங்க" என்றார்.

"உக்கார வரல. நாங்க என்னைக்கு மரத்துல நேர்ச்சை போட்டோம்? எந்த மாதா எங்கள்ட்ட நைலான் கயிறு கேட்டா? தழை ஒடிச்ச மரத்துல கெட்டுத கயிறு மேடம் இது. இந்த மரத்துல நான் ஒடிச்சாச்சு, அது துளுக்குத மட்டும் வேற எவளும் கைய வைக்காதீங்கன்னு அர்த்தம். எங்க மாமியா காலத்துக்கு முன்னாடியே உண்டும். அத நேர்ச்சைன்னு எழுதி, வேலியப் போட்டு, வருசத்துக்கு ரெண்டு நா தொறப்போம்ங்குதிய. ஆடு வருசத்துக்கு ரெண்டு நாத்தான் திங்குமா?"

"படிவத்துக்கு நீங்க யாரும் பதில் சொல்லலையே" என்றார் அம்மையார். கேட்டுவிட்டு, தப்பான கேள்வி என்று அவருக்கே தெரிந்தது என்று பின்னால் ருகையாவிடம் சொன்னார்.

"எப்படிச் சொல்லுவோம்? தண்ணி வத்துன நேரம் பாத்து வந்திய. தண்ணி வத்துனா நாங்க காட்டுக்குள்ளல்லா இருப்போம்! வீட்டுல இருந்தவன் பூராம் ஆம்பள. அவன் சொல்லுவானா, எம் பொண்டாட்டி சேத்துல நிக்கான்னு?"

அம்மையார் கயிற்றைக் கையில் எடுத்து முடிச்சைப் பார்த்தார். "நாளைக்கு எப்பம் தண்ணி வத்தும்?" என்று கேட்டார். "காலையில ஏழு, ஏழரை" என்றார் சலேத். "வாரேன்" என்றார் அம்மையார்.

போனார்! வேலிக்கு வெளியே நின்று, அதன் பிறகு மேலாண்மைக் குழுவிடம் அனுமதி வாங்கி வேலிக்கு உள்ளே போய், ஐந்து வாரம் தண்ணீர் வற்றும் நேரமெல்லாம் முனைத்துறைப் பெண்களோடு கழியில் கிடந்தார். மூன்றாம் நாள் இடுப்பளவு சேற்றில் புதைந்தவரை நான்கு பேர் சேர்ந்து இழுத்துப் போட்டார்கள். "ஏளா, மேடத்துக்கு ஒரு கயிறு கெட்டுங்க, துளுத்து வரட்டும்" என்று எவளோ சொல்ல, காடே சிரித்ததாம். அதை எங்களிடம் சொல்லி அவரும் சிரித்தார்.

அங்கே அவர் கண்டதை அவர் அறிக்கையே அழகாய்ச் சொல்லும். நாங்கள் சுருக்கமாய்ச் சொல்கிறோம். அறுபத்து மூன்று பெண்கள் அந்தக் காட்டை நம்பியிருந்தார்கள். தழை ஒடித்தவள் கயிறு கட்ட வேண்டும். துளிர் விரல் நீளம் வளர்ந்ததும் கட்டியவளே அவிழ்க்க வேண்டும். அடுத்தவள் கயிற்றை எவளாவது அவிழ்த்தால், ஒரு மாதம் அவளோடு யாரும் காட்டுக்குச் சேர்ந்து போக மாட்டார்கள். சேற்றில் தனியாகப் போவது ஆபத்து என்பதால் அது சின்னத் தண்டனை இல்லை. பச்சைக் கிளையை விறகுக்கு வெட்டவே கூடாது. எந்தச் சட்டமும் சொல்லித் தராமல், எந்த அதிகாரியும் கையெழுத்துப் போடாமல், அந்தக் காட்டுக்கு ஒரு நிர்வாகம் இருந்தது. நாட்டில் எங்கெங்கோ தேடிக்கொண்டிருக்கிற சமூக வன மேலாண்மை இங்கே நீல வலைக்கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்க, அதைத்தான் எங்கள் மையம் மெழுகுதிரிப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது!

இனிமேல்தான் இக்கதையின் கடினமான இடம்.

அம்மையார் புதிய அறிக்கையை எழுதிக்கொண்டு அன்றைய இயக்குநரிடம் போனார். அவர் நல்ல மனிதர். "கூடுதல் கண்டறிதல்கள் என்று தலைப்புப் போட்டுவிடுங்கள். பிழை என்ற சொல் எதற்கு?" என்றார். ஜூனில் அவர் ஓய்வு பெறுகிறார், அடுத்த நாற்காலி கிளாடிஸ் அம்மையாருடையது என்று ஊருக்கே தெரியும். அந்த நேரத்தில் தன் பெயருக்குத் தானே கறுப்பு மையைத் தடவிக்கொள்வானேன்?

ஆனால் மேலாண்மைக் குழுவின் விதி ஒன்று இருந்தது. கூடுதல் கண்டறிதல் என்றால் அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்தில்தான் எடுத்துக்கொள்வார்கள். அடிப்படைத் தகவலிலேயே பிழை என்றால் மட்டும்தான் நடப்புத் திட்டத்தை உடனே திறப்பார்கள். கூடுதல் என்று எழுதினால் அம்மையாருக்கு நாற்காலி, முனைத்துறைக்கு இன்னும் நாலரை வருடம் வேலி. பிழை என்று எழுதினால் வேலி போகும். பிழைக்கு ஓர் ஆளும் கேட்பார்கள்.

அவர் ஓர் இரவும் யோசிக்கவில்லை, பத்து நிமிடத்தில் முடிவெடுத்தார் என்று சொல்லத்தான் எங்களுக்கு ஆசை. பாராட்டு மடலுக்கு அது பொருத்தமாகவும் இருக்கும். உண்மை அப்படி இல்லை. எட்டு நாள் அந்த அறிக்கை அவர் மேசையில் தலைப்பில்லாமல் கிடந்தது. "ஆசையா இருக்கு ருகையா, இல்லைன்னு சொன்னா பொய்" என்று அவர் வாய்விட்டுச் சொன்னார். இயக்குநர் அறையைத் தாண்டிப் போகும்போது நடை தயங்கியதை நாங்கள் பார்த்தோம். ஒன்பதாம் நாள் வந்தார், தலைப்பு எழுதினார்: 'முனைத்துறை: அடிப்படை ஆய்வில் நேர்ந்த பிழையும் திருத்தமும்.'

அன்று மாலை பெனிஸ்டன் அவர் அறைக்குப் போனார். மக்ரூன் டப்பா திறக்கப்படவில்லை. அதுவே அவரைக் கலங்க வைத்தது.

"மேடம், நாளைக்குக் கூட்டத்துல நான்தான் எழுதுனேன்னு சொல்லிருதேன்."

"சொல்லி?"

"தப்பு என்னுது மேடம். கேள்விக்குள்ள பதில வச்சுக் கேட்டேன். பொம்பளையள் ஒருத்தரக்கூடப் பாக்கல."

"ஆமா, தப்புதான். நல்லாத் தெரிஞ்சுக்க, பெரிய தப்பு. அறுவத்தி மூணு பேரு ரெண்டு மாசமா தழைக்கும் சுள்ளிக்கும் நாலு மைல் நடக்காக." உயராத அந்தக் குரல்தான் பெனிஸ்டனுக்கு இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது. "ஆனா நீ நாளைக்கு வாயத் தொறந்தா என்ன ஆவும்? அஞ்சு மாசம் இருந்த கான்ட்ராக்ட் இப்பம் வாரக் கணக்குல நிக்கி. அதோட சரி, ஒன்ன வீட்டுக்கு அனுப்பிட்டு, பிழையக் கண்டுபுடிச்சு நீக்கியாச்சுன்னு எழுதிருவாங்க. பத்துக்கு ஒண்ணு போயிப் பாக்காம கையெழுத்துப் போட்டது யாரு? நான். கீழ எம் பேருதான் இருக்கு. நான் போயிருந்தா அன்னைக்கே புடிச்சிருப்பேன்."

"இருந்தாலும் எழுதுன கை எங் கை மேடம்."

"சும்மா கெட. ரெண்டு புள்ளையள வச்சிருக்க. என்னைக்கும் இத எவன்ட்டயும் சொல்ல மாட்டேன்னு எனக்கு வாக்குக் குடு. அதோட இன்னொண்ணும் செய்யி. இனிமே ஒரு ஊருக்குப் போனா மொதல்ல தண்ணி எப்பம் வத்தும்னு கேளு."

பெனிஸ்டன் வாக்குக் கொடுத்தார். மறுநாள் ஆட்சிக்குழுக் கூட்டத்தில், "இந்தப் படிவங்களை நிரப்பியது யார்?" என்று கேட்டார்கள். பின்வரிசையில் பெனிஸ்டன் தலையைக் குனிந்துகொண்டார். முன்வரிசையில் அம்மையார் எழுந்தார்.

"நான்தான்."

கூடப் பணியாற்றிய காலத்தில் அவர் சொல்லி நாங்கள் கேட்ட ஒரே பொய் அது. படிவங்களைக் கொண்டுவரச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. அவர் சொன்னால் சொன்னதுதான் என்ற நம்பிக்கை! அவரது நேர்மையே அவர் பொய்க்குக் காவல் நின்றது.

அந்தக் கூட்டம் முடிந்த பதினாறாம் நாள் வேலி இறங்கியது. கதவைக் கழற்றி எடுத்துப் போனார்கள். நீலக் கயிற்று முறை மேலாண்மைத் திட்டத்தில் தனிப் பத்தியாகச் சேர்ந்தது. காட்டுக் காவல் குழுவில் முனைத்துறைப் பெண்கள் ஏழு பேர் உறுப்பினரானார்கள். சலேத் இன்று இங்கே மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் வளனும் இருக்கிறார். தன் மனைவி காட்டுக் குழுவின் தலைவி என்று இப்போதெல்லாம் கேட்காமலேயே எல்லாரிடமும் சொல்கிறாராம்! அம்மையாரின் பதிவேட்டில் அந்தக் 'கவனக்குறைவு' வரி ஏறியது; ஜூனில் இயக்குநர் நாற்காலிக்கு வெளியூரிலிருந்து ஒருவர் வந்தார். அம்மையார் பூங்கொத்தோடு போய் வரவேற்றார். தன் அறையிலேயே, தன் பழைய மின்விசிறிக்குக் கீழேயே, இன்னும் பதினோரு ஆண்டு வேலை பார்த்தார். பெனிஸ்டனுக்குப் பணி நிரந்தரமானது. பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள்.

பெனிஸ்டன் நன்றாகத்தான் இருந்தார். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் பணிப்பதிவேடு சரிபார்க்கும் நாளில் அவரால் சாப்பிட முடிந்ததில்லை. அம்மையாரின் பதிவேட்டைத் திறந்து அந்த வரியை வாசித்துச் சரி என்று குறியிடுகிற வேலை, நிரந்தரம் ஆன பிறகு அவர் தலையில்தான் விழுந்தது. பத்து முறை குறியிட்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் சொல்லிவிடலாம் என்று கிளம்பி, கொடுத்த வாக்கை நினைத்துத் திரும்பியிருக்கிறார். வாக்கை நினைத்து மட்டும்தானா, பயந்தும்தானா என்று கேட்டால், பயந்தும்தான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

இந்த விழாவுக்கு மடல் எழுதுவது யார் என்று நாங்கள் கூடிப் பேசியபோது முதலில் உயர்ந்தது பெனிஸ்டனின் கை. செய்தி அம்மையார் காதுக்கு எட்டிவிட்டது. போன செவ்வாய்க்கிழமை அவரை அறைக்குக் கூப்பிட்டார். டப்பாவைத் திறந்து, "எடுத்துக்கோ" என்றார்.

"நீ எழுதப் போறியாமே. எழுது. என்ன வேணும்னாலும் பொய்ப் பொய்யாப் புகழு, கேட்டுக்கிடுதேன். முனைத்துறை விசயம் மட்டும் ஒரு வரி வரக்கூடாது. வாக்குக் குடுத்திருக்க, ஞாபகம் இருக்கட்டும்."

"சரி மேடம்" என்றார் பெனிஸ்டன், வாயில் மக்ரூனோடு.

பதினோரு ஆண்டுக்கு முன் அவர் இவருக்காக ஒரு பொய் சொன்னார். போன செவ்வாய்க்கிழமை இவர் அவருக்காக ஒரு பொய் சொன்னார். அந்த வகையில் இருவரும் சமம். மற்றபடி எந்த வகையிலும் சமம் இல்லை.

அம்மா! இனி 'அவர்' வேண்டாம். உங்களைப் பார்த்தே பேசுகிறோம். நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டினாலும் நிறுத்துவதாக இல்லை. இன்றைக்கு ஒருநாள் உங்கள் கட்டளைக்குக் கீழ்ப்படியாத ஊழியர்களாய் இருந்துவிட்டுப் போகிறோம். ஆய்வு என்றால் அடுத்தவரைப் பற்றி உண்மை சொல்வது என்று நினைத்திருந்தோம். தன்னைப் பற்றி உண்மை சொல்வது அதைவிடச் சிரமம் என்று எட்டு நாள் தவித்துக் காட்டினீர்கள். தவிக்காமல் செய்திருந்தால் உங்களைக் கும்பிட்டு ஒதுங்கியிருப்போம். தவித்துச் செய்ததால்தான், நாமும் செய்து பார்க்கலாம் என்ற தைரியம் எங்களில் ஒருவருக்காவது வந்திருக்கிறது. வருவதற்குப் பதினோரு ஆண்டு ஆயிற்று. மன்னியுங்கள்.

ஆட்சிக்குழுத் தலைவர் ஐயா அவர்களே! இம்மடலின் ஒரு படியோடு, முனைத்துறை வீட்டுப் படிவங்கள் நூற்றுப் பன்னிரண்டும் இன்று காலை தங்கள் அலுவலகத்தில் ஒப்படைக்கப்பட்டிருக்கின்றன. ருகையா அவற்றைப் பத்திரமாய் வைத்திருந்தார். தகவல் சேகரித்தவர் என்ற கட்டத்தில் யாருடைய கையெழுத்து இருக்கிறது என்று தாங்களே பார்க்கலாம். அம்மையாரின் பதிவேட்டிலிருந்து அந்த வரியை எடுத்து, அது சேர வேண்டிய பதிவேட்டில் சேர்க்குமாறு பணிந்து வேண்டுகிறோம். பத்துக்கு ஒன்று சரிபார்க்காதது தன் தவறு என்று அவர் சண்டைக்கு வருவார். அதற்கு வேண்டுமானால் தனியாக ஒரு சின்ன வரி எழுதிக்கொள்ளுங்கள். அவர் மனம் ஆறட்டும்.

அம்மா! வீட்டுக்குப் போனதும் காலை நீட்டி உட்காருங்கள். முட்டிக்கு மருந்தை மறக்காமல் தடவுங்கள். காலையில் ஏழு மணிக்கு எழுந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்றாலும் நீங்கள் எழுந்துவிடுவீர்கள் என்று தெரியும். கண் நல்லபடி தெரிய, காது நல்லபடி கேட்க, பேரப்பிள்ளைகள் உங்கள் கண்டிப்புக்குப் பயப்படாமல் மடியில் ஏற, இன்னும் நெடுங்காலம் நிறைவாய் வாழ்வீர்களாக! இதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவதும் அலமாரியில் போட்டுப் பூட்டுவதும் உங்கள் விருப்பம். கோபம் இருந்தால் நாளைக் காலை அலுவலகத்துக்கு வந்து திட்டுங்கள். நாளை உங்களுக்கு அலுவலகம் இல்லை என்பது இப்போதுதான் எங்களுக்கு உறைக்கிறது.

தூத்துக்குடி,
கடலோர வனச் சமூகப் பொருளாதார ஆய்வு மைய ஊழியர்கள் அனைவர் சார்பிலும்,

பெனிஸ்டன்
முனைத்துறைப் படிவங்களை நிரப்பியவன்